கரடி சாகவில்லை, அண்ணே

அன்பும் கோபமும் சரிபாதியாக நான் நினைத்துக்கொள்ளும் என் சேகர் அண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் படத்தை டி.வி.யில் போட்டார்கள். கோவளத்தில் நம் தெருவே பார்த்தது. நீ எழுதி இயக்கிய ஒரே படம், நீ போய்ச் சேர்ந்த பிறகு வீடு வீடாக வந்துவிட்டது. உனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

கதை நடப்பது யுத்த காலம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் மிருகங்களைச் சுடச் சொல்கிறார்கள். ஒரு காவல்காரன் மட்டும் பல்லுப்போன கிழட்டுக் கரடிக்குப் புடவை சுற்றி, முக்காடு போட்டு, "என் மச்சினிச்சி, வாய் பேசாது" என்று சொல்லிக்கொண்டே பட்டணத்திலிருந்து படாளம் வரை நடத்திக் கூட்டிப்போகிறான். வண்டிக்காரனிடம் கரடி வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்கிற இடத்தில் எதிர்வீட்டு மேரி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாதவர்கள் உன் படத்தைப் பற்றி எழுதுகிறார்கள். என் மகள் படித்துக் காட்டினாள். ஒருவருக்குக் கதாநாயகனைவிடக் கரடி நன்றாக நடித்திருக்கிறதாம். இன்னொருவர் இப்படிக் கோணலாக யோசிக்க நம்மிடம் ஆள் இருந்தாரா என்று ஆச்சரியப்படுகிறார். மூன்றாவது ஆள் கேட்கிறார்: இந்த இயக்குநர் ஏன் அடுத்த படம் எடுக்கவில்லை? இவர்களெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

செங்கல்பட்டில் ஒரே ஒரு கொட்டகைதான் உன் படத்தைப் போட்டது. அங்கே ஓடினால் பட்டணத்தில் வாங்கிக்கொள்வதாக விநியோகஸ்தர்கள் சொல்லியிருந்தார்கள். நீயோ உள்ளே போகாமல் எதிரே டீக்கடையில் நின்றாய். முகத்துக்கு நேராகக் கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வார்கள், சைக்கிளை எடுக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் நிஜமான அபிப்பிராயம் என்பது உன் கொள்கை. யார் படத்துக்குப் போனாலும் நீ அப்படித்தான் நிற்பாய்.

அன்று என்ன கேட்டாய்? "கரடிய சாவடிச்சிட்டானே பாவி!" "சிரிக்க வச்சிக்கினே வந்து கடைசில இன்னாத்துக்குக் கொன்னான்?" நம் பெரியப்பா மகன் சம்பத் உன் சட்டையையே பிடித்தான். மூன்றாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

நான் படம் கழுவும் லேபில் போட்டுக் காட்டியபோதே முழுப் படமும் பார்த்தவள். கரடியைத் துரத்தி வந்த வெள்ளைக்காரத் துரை கரும்புக் காட்டுக்குள் சுடுகிறான். அப்புறம் கரடி வாயெல்லாம் வெல்லத்தோடு, கிழிந்த புடவையை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. "கரடிதான் பொழைச்சிடுதே, அண்ணே?" என்று எத்தனை தடவை உன்னிடம் கேட்டேன். "அது வந்ததே ஜனங்களுக்குத் தெரியலமே. செத்த கரடி காவக்காரன் கனவுல வருதுன்னு நெனச்சிக்கினாங்க போல. நான் எடுத்ததுல உசிரு இல்ல," என்றாய். அதற்குப் பிறகு நீ பேனாவைத் தொடவில்லை. பாட்டிலைத்தான் தொட்டாய். ஈரல் போய், நீயும் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்த கையோடு சம்பத் ஓடி வந்தான். "வசந்தா, இன்னாமே இது? கரடி உசிரோட கீது! அன்னிக்கு கொட்டாயில டுமீல்னு சத்தம் கேட்டுச்சி, லைட்டப் போட்டுட்டான், எழுந்து வந்துட்டோம். இந்த சீனே இல்லமே!"

மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனேன். கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். அன்றைய ஆபரேட்டர் அங்கேயே வாட்ச்மேனாக இருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. "இன்னாம்மா பண்றது? படம் நீளமா கீது. முழுசா ஓட்டுனா அடுத்த ஆட்டம் லேட்டாவும், படாளம் கடைசி பஸ்சு பூடும், ஜனங்க சீட்டக் கிழிச்சிருவாங்க. சுட்டாச்சி, கதை முடிஞ்சிச்சின்னு மூணு நாளும் கடைசி ரீல ஓட்டாம வுட்டுட்டேன். நீளப் படம்னா அப்பல்லாம் செய்றதுதான். கரடி வர்றத நானே இப்பதான் டி.வி.ல பார்த்தேன். ஷோக்கா கீதும்மா!"

எனக்கு அவரை அடிக்கக்கூடக் கை வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து உன் போட்டோவுக்கு முன்னால் நின்று உன்னைத்தான் திட்டினேன். ஒரே ஒரு ஆட்டம், நாலு பேரோடு நாலு பேராக உள்ளே போய் உட்கார்ந்திருக்கக் கூடாதா? விளக்கு எரிந்ததும், "டேய், இன்னும் ஒரு ரீல் கீதுடா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? ஊரே பார்க்காத ஒரு காட்சிக்காகவா உன்னை நீயே அழித்துக்கொண்டாய்?

சம்பத் இரண்டு நாளாகத் திண்டாடுகிறான். உன் சமாதிக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பார்த்ததைத்தானே சொன்னான்?

உன் நினைவு நாளன்று நம் தெருவில் திரை கட்டிப் படத்தைப் போடுவேன், அண்ணே. பஸ் போனால் போகட்டும், கரடி வெளியே வரும்வரை ஒருத்தரையும் எழுந்திருக்க விடமாட்டேன். இது சத்தியம். முடிந்த பிறகு அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வந்து உனக்குச் சொல்லமாட்டேன். நீ கேட்டதெல்லாம் போதும்.

கரடியை உயிரோடு பார்த்த உன் தங்கை,
வசந்தா