ஜூனிபரை ஏற்ற வந்த வண்டி

லேண்டர், வயோமிங்
மே மாதம்

மரியாதைக்குரிய ரஸ்ஸல் அண்ணாவுக்கு,

உங்கள் தம்பி மனைவி மார்சி எழுதுவது. நாங்கள் நலம். பனி உருகி ஓடை நிறைந்து போகிறது. வேலி பாதி விழுந்து கிடக்கிறது.

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் தம்பி ஹார்லன் குதிரைப் பண்ணையில் ரவுடித்தனம் செய்ததாக யாரோ சொன்னார்களாம். "அவன உடனே டென்வருக்குக் கூட்டிட்டு வா, ஆஸ்பத்திரியில சேர்ப்போம். குதிரச் சாணி அள்றதெல்லாம் ஒரு வைத்தியமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டி வரமாட்டேன். கடைசிவரை படித்துவிட்டு நீங்கள் ஏமாற வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

நடந்தது இதுதான். போரிலிருந்து திரும்பியவர்கள் மனம் தேற வியாழக்கிழமைதோறும் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற பண்ணை அது. அங்கே ஜூனிபர் என்று ஒரு பெண் குதிரை இருந்தாள். மலையில் காட்டுக்குதிரையாகத் திரிந்து பிடிபட்டவள், இடது கண் தெரியாது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியபின் உங்கள் தம்பி யாரையும் தொட விட்டதில்லை, என்னையும்தான். முதன்முதலாக அவர் கை வைத்தது அவள் கழுத்தில். ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் அதுவும். மருந்தை நிறுத்தவில்லை, டாக்டரிடமும் போகிறார். ஆனால் வியாழக்கிழமை காலையில் தானாக எழுந்து பூட்ஸ் மாட்டத் தொடங்கியது அவளுக்காகத்தான்.

மார்ச்சில் வைக்கோல் வண்டியின் பின்கதவு படாரென்று விழுந்தது. ஜூனிபர் மிரண்டு உதைத்ததில் டியோ பாகாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவரும் போருக்குப் போய் வந்தவர்தான், ஈராக்கில். பண்ணைக் குழு கூடி, அவள் ஆபத்தானவள், ஏலத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தது. கண் தெரியாத குதிரையை ஏலத்தில் எடுப்பது யார் என்று உங்களுக்கே தெரியும். கறிக்கு வாங்குபவர்கள்தான்.

வண்டி வந்த அன்று ஹார்லன் லாயத்து வாசலில் போய் நின்றார். கை ஓங்கவில்லை, கத்தவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். குழுத் தலைவி பிரெண்டா, "ஹார்லன், தயவுசெஞ்சு வழி விடுங்க" என்று கெஞ்சினாள். குழுக் கூட்டங்களில் வாயே திறக்காத மனுஷன் அன்று பேசினார்.

"சத்தம் கேட்டுது, உதைச்சிட்டா. போன ஜூலைல சுதந்திர தினப் பட்டாசுச் சத்தத்துக்கு நான் சமையல்கட்டுக் கதவையே பேத்துட்டேன். என்னய ஏன் இன்னும் ஏலத்துக்கு அனுப்பல? அவ வண்டில ஏறுறதா இருந்தா நானும் ஏறுறேன், கதவத் தொறங்க" என்றார்.

அப்போது டியோ, கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி, மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். "உதை வாங்கினவன் நான், புகார் சொல்ல வேண்டியவனும் நான்தான். எனக்கு ஒண்ணும் புகார் இல்ல. என் மாமியா வாய்க்கு இவ கால் எவ்வளவோ தேவல" என்றார். வண்டிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியில் பிரெண்டாவும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டாள். வண்டி காலியாகத் திரும்பியது.

இதுதான் அண்ணா அந்த ரவுடித்தனம்.

குழு முழுக்க இறங்கி வரவில்லை. ஜூனிபர் இனிப் பண்ணையில் இருக்கக் கூடாது, வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது எங்கள் கொல்லை மேய்ச்சலில் நிற்கிறாள். என் ரோஜாச்செடியைத் தின்றுவிட்டாள். ஹார்லன் ஆறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். போன வாரம்கூட இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அவளுக்குத் தண்ணீர் வைத்தார், எனக்குக் காபி போட்டார்.

அவரைப் பூட்டி வைத்தால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டிக்கொண்டு இருப்பது எப்படியென்று உங்களைவிட எனக்கு யார் சொல்ல முடியும்? நீங்கள் குவைத் போரிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் வந்து கதவைத் தட்டினால் ஜன்னல் திரை அசைகிறது, கதவு திறப்பதில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எழுதியதை நான் அடித்துத் திருத்தப்போவதில்லை.

உங்கள் தம்பியை இங்கிருந்து நகர்த்த விடமாட்டேன். வருவதாக இருந்தால் நீங்கள் வாருங்கள். ஹார்லன் இன்னும் பண்ணைக்குப் போகிறார்; வியாழக்கிழமை எட்டு மணிக்கு வண்டியை எடுப்பார், பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பேசவேண்டிய கட்டாயமும் இல்லை. மாடி அறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். வந்துவிடுங்கள் அண்ணா.

அன்புடனும் பிடிவாதத்துடனும்,
மார்சி லிண்ட்க்விஸ்ட்