பேர் எழுதாத கழுத்து அட்டை

தாயி,

காலையில் தகரப் பெட்டியைத் திறந்தேன். பட்டுச் சேலையை எடுத்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது. காய் பொறுக்குகிறவள் வீட்டில் அந்த வாசம் புதிதில்லை. ஆனால் இது சேலைக்குள் சுற்றி வைத்திருந்த அட்டையின் வாசம். கழுத்தில் மாட்டுகிற அட்டை, நீலக் கயிறு. சுற்றுச்சூழல் செய்தியாளர்கள் வருசா வருசம் கூடுகிற கூட்டத்துக்கு நீ என்னை மதுரைக்குக் கூட்டிப் போனபோது மாட்டிவிட்டது. கூட்டத்தின் பேர் அச்சில் இருக்கிறது. ஆள் பேர் எழுதுகிற கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. எழுத வேண்டாம் என்று நீதான் சொன்னாய்.

நான் அஞ்சாப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஏலக்காய்க் கிடங்கு லீவு. நீ போன் போடுகிற நேரம். "கஞ்சி குடிச்சியாக்கா?" என்று கேட்பாய். நீ போன பிறகு அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது போடிமெட்டுக்கு ஏறுகிற ஜீப்பில். காய் எடுக்கப் போகிற பதினாலு பொம்பளைகளுக்கு நடுவில் நீ நோட்டும் கையுமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாய். வளைவு வளைவாக ஏற ஏற உன் முகம் வெளுத்துப்போனது. ஜன்னல் பக்கம் இருந்த நான் என் இடத்தைக் கொடுத்தேன். முந்தியில் முடிந்திருந்த காயில் ஒன்றை எடுத்து, "இத மெல்லு தாயி, அடங்கும்" என்றேன். நீ வாயில் போட்டுக்கொண்டு, "இதுல மருந்து அடிச்சிருக்காதா?" என்று கேட்டாய். ஜீப்பே சிரித்தது. "அடிக்காமலா? அதுதான் ஒனக்கு மருந்து" என்றேன். பேப்பர்க்காரியை 'நீங்க' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் அதுதான் பிடித்தது.

அன்று மத்தியானம் எஸ்டேட் ஓடைக்கரையில் நான் சொன்னதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பூச்சிமருந்து கலக்குகிற டிரம்மை ஓடையில்தான் அலசுவார்கள். கீழே லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்கள் அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு குடிக்கிறார்கள்.

"கண்ணால பாத்தியாக்கா?"

"பாக்கவா? அலசுனதே நாந்தான். மேஸ்திரி சொன்னாரு, அலசினேன். கீழ புள்ளைக குளிக்குதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் அலசினேன்."

நீ நோட்டை மூடிவிட்டாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "ஒம் பேரு வராது" என்று மட்டும் சொன்னாய். வரவும் இல்லை. அதற்குப் பிறகு முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபோது, அதே எஸ்டேட் முதலாளியின் கிடங்கில்தான் எனக்குக் காய் பொறுக்க இடம் கிடைத்தது.

மதுரைக் கூட்டத்துக்கு, "சும்மா வந்து உக்காருக்கா, ஊர் பாத்த மாதிரி இருக்கும்" என்றாய். போடியிலிருந்து கிளம்புகிறவள் வெறுங்கையோடு போவாளா? பருத்த பச்சைக் காயாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் சமையல் கட்டுக்குப் போய் டீ மாஸ்டரிடம் கொடுத்தேன். மண்டபம் முழுக்க மணத்தது. பெரிய பெரிய செய்தியாளர்கள் எல்லாம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் நீ மேடை ஏறினாய். ஏலத்தோட்டத்தில் எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள், அது எங்கே போய்ச் சேருகிறது என்று நீ சொல்லச் சொல்ல, வரிசை வரிசையாக டீக் கப்பைக் கீழே வைத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கப்புக்குள் எட்டிப் பார்த்தார். நான் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டேன். டீயில் போட்டது யார் காய் என்று உனக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாயே, அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கப்பை எட்டிப் பார்த்தவரே எழுந்தார்.

"ஓடையில டிரம் அலசுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அலசுனவங்க யாரு? ஒரு ஆளு கூடவா பேரோட பேச மாட்டாங்க? உங்க வார்த்தைய மட்டும் நம்பச் சொல்றீங்களா?"

"ஆளு இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப இது செய்தி இல்லம்மா. கதை."

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நிற்க எத்தனை நேரம் ஆகும்? கிடங்கில் என் இடம் ஜன்னலோரம். மறுநாள் அதில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று அது ஒன்றுதான் மனசில் ஓடியது. கழுத்து அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அதில்தான் பேரே இல்லையே, எதற்குத் திருப்பினேன்? நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்று பார்க்காமலே இறங்கினாய். அதற்குப் பிறகு அந்த ஓடையைப் பற்றி உன் பேப்பரில் ஒரு வரி வரவில்லை. போடச் சொல்லி நீ அலைந்தது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் ரயிலில், "நான் எந்திரிச்சிருக்கணும் தாயி" என்றேன்.

"எந்திரிச்சிருந்தா ஒன்ன அங்கயே அடிச்சிருப்பேன். பேரு ஒன்னோடது. எப்ப சொல்லணும்னு நீதான் சொல்லணும்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டீ நல்லாருந்துச்சுக்கா" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம். ஒரு தடவைகூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டுபோனதும் நீ திரும்பாமலே போனதும் மூன்று நாள் கழித்துப் பேப்பரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் உனக்கு யார் என்று யாருக்குத் தெரியும்? சொல்லி அனுப்ப என் பேர் எங்கேயும் இல்லை. நீதான் அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருந்தாயே. நீ ஒளித்தது எனக்கே சுவராகிவிட்டது.

போன வாரம் உன்னோடு வேலை பார்த்த பிள்ளை போன் பண்ணினாள். உன் போனில் 'அக்கா, போடி' என்று ஒரு நம்பர் இருந்ததாம். இந்த வருசக் கூட்டம் மறுபடியும் மதுரையில்தான், உன் படத்தை வைத்துத் தொடங்குகிறார்கள், வர முடியுமா என்று கேட்டாள். "பேசணும்னு இல்லம்மா, வந்தா போதும். அட்டையில என்ன பேரு போடட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரமாகக் காய் பொறுக்கினேன், யோசித்தேன். பக்கத்தில் இருக்கிறவள், "என்னத்தா, நல்ல காயக் கழிவுல போடுற?" என்று அதட்டினாள். ஓடையில் இன்னும் டிரம் அலசுகிறார்கள். இப்போது வேறொருத்தி அலசுகிறாள்.

இப்போதுதான் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். "புது அட்டை வேணாம் தாயி, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அஞ்சு நிமிசம் மட்டும் பேசக் குடு" என்றேன். ஜன்னலோர இடம் போகும். போகட்டும். காய்ப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பேசி முடித்த பிறகுதான் டீ மாஸ்டரிடம் கொடுப்பேன். குடிக்கிறவர்கள் தெரிந்து குடிக்கட்டும்.

அட்டையில் நானே எழுதிவிட்டேன். கோணல்தான். கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் போய்விட்டது. நீ இருந்தால் உனக்குத்தான் முதலில் காட்டுவேன். இல்லாததால் இங்கேயும் ஒரு தடவை எழுதுகிறேன்.

ஓடையில் டிரம் அலசியவள்,
மு. பேச்சியம்மாள்,
போடிநாயக்கனூர்.