அம்மா சொல்லி அடித்த இரண்டாம் பக்கம்

மதுரை
28.9.2003

என் மகன் சூர்யபிரகாஷுக்கு அப்பா மொக்கைச்சாமி எழுதுவது. அங்கே நீயும் மருமகள் பத்மாசினியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை பவதாரிணியும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் செவ்வாயோடு முடிந்தது. விசா தாள் கைக்கு வராமல் நீ அவள் முகம் பார்க்க வர முடியாததை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை, அதை நினைத்துக் குமையாதே. பவதாரிணி இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் எனக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். நான் இப்போது எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து படி.

திருநகர் வீட்டுக்குப் பால் காய்ச்ச ஆரப்பாளையம் மலைச்சாமியின் டிடிபி கடையில் பத்திரிகை அடித்து, திருத்தச் சொல்லி மெயிலில் உனக்கு அனுப்பினோமே, அதில் இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அது உன் அம்மா உனக்குச் சொல்லி எழுதிய கடிதம். ஆமாம்யா, நீ பத்மாசினியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்த செல்லக்கிளிதான். அவளாகத்தான் என்னோடு பஸ் ஏறி வந்தாள். தனியாக அனுப்பினால் பிறகு பார்க்கலாம் என்று போட்டுவிடுவான், "பத்திரிகை கூடவே சேத்துவிடுங்க, அதைக் கண்டிப்பாத் தெறந்து பாப்பான்" என்று அடம் பிடித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அவள் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன். "சாமி, ஒம்மேல இருந்த கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சுய்யா. போன்ல பேச வெக்கமா இருக்கு. பத்திரிகையில ஒம் பேருக்குப் பக்கத்துல ஒம் பொண்டாட்டி பேரை நீயே போட்டு அனுப்பு. அதைப் பாத்தா ரெண்டு பேரும் என்னைய மன்னிச்சுட்டீகன்னு எடுத்துக்கிறேன். நீங்க வார அன்னைக்கு ஆரத்தி நான்தான் எடுப்பேன், வேற யாரையும் விடமாட்டேன்."

பத்திரிகை அடித்த மிஷினில் அன்று வேறு வேலை ஓடியது. மலைச்சாமி அடுத்த மிஷினில் வேறு ஃபாண்டில் இதை அடித்து, பத்திரிகைக்குக் கீழே ஒட்டிவிட்டார். பத்திரிகை ஃபாண்ட் உன் கம்ப்யூட்டரில் இருந்தது, இது இல்லை; அது இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாகத் தெரியாதாம். மறுநாள் நீ தேதியையும் தாய்மாமன் பேரையும் திருத்தி அனுப்பினாய். நான் கடையில் போய் நின்றேன். "அண்ணே, கீழ வெறும் கட்டம் கட்டமாக் குப்பையாத் தெரிஞ்சுச்சாம், தம்பி அழிச்சுட்டாப்ல. ஃபாண்ட் கோளாறு. இன்னொருக்க அனுப்பிருவோம்" என்றார். எனக்கு அன்று பந்தல்காரனைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் வாரேன் என்று வந்துவிட்டேன்.

உன் அம்மா வீட்டு வாசலிலேயே நின்றாள். படிச்சிட்டானா என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை, மறுபடி அவளைக் கடையில் உட்கார்த்தி அழவைக்கவும் மனசு வரவில்லை. படிச்சிட்டான் என்றேன். நாளைக்கு மறுபடி அனுப்பினால் உண்மையாகிவிடும் என்று நினைத்த மடையன் நான். விசேஷ வேலையில் அந்த நாளைக்கு வரவே இல்லை. பத்திரிகை அச்சாகி வந்ததும் பவதாரிணியிடம் கொடுத்து முழுதும் படிக்கச் சொன்னாள். உன் பேர் வந்தது. அடுத்து பவதாரிணி பேர். "நடுவுல ஒண்ணும் விட்டுப்போகலையேடி" என்று கேட்டாள். இல்லைம்மா என்றாள் இவள். அம்மா ராத்திரிச் சோறு வேண்டாம் என்று படுத்தவள், "அவனுக்கு எம்புட்டு வலிச்சிருந்தா படிச்சும் பேர் போடாம விட்டிருப்பான்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி நாக்கு எழவில்லை. விசேஷம் முடியட்டும் என்று தள்ளினேன். பால் காய்ச்சிய எட்டாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தையாவது எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று நேற்றுக் கடைக்குப் போனேன். நீ திருத்தியதைக் கடையில் அதே பேரில் சேமித்ததில் பழையது போயே போய்விட்டதாம்; பெட்டி நிறைந்ததென்று அந்த மெயிலையும் அங்கேயும் இங்கேயும் அழித்தாயிற்றாம். மலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. உன் மேலும் இல்லை, அழித்தது என்னவென்று உனக்கு எப்படித் தெரியும்? மகன் தன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்தே உன் அம்மா போய்ச் சேர்ந்தாள் ஐயா. அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

இதை மருமகளுக்கும் படித்துக் காட்டு, அத்தை தன்னைக் கூப்பிட்டாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் போன் பண்ணு. திட்டுவதென்றால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
மொ. மொக்கைச்சாமி