மார்கழியில் மாற மறுக்கும் கடவுச்சொல்

அனுப்புநர்
க. வெண்மதி, பி.எஸ்சி.,
இரத்தப் பரிசோதனைக் கூடம்,
அமராவதி வளாகம், சிதம்பரம்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு, கடலூர்.

பொருள்: எங்கள் வளாகத்தின் பொது வைஃபையால் ஒவ்வொரு தொழிலுக்கும் உள்ள ஆபத்தை நேரில் ஆய்வு செய்து, கடவுச்சொல்லை உடனே மாற்றச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வளாகத்தில் கீழே நானும் தையற்கடை செல்லாயியும், நடுத்தளத்தில் ஒரு வழக்கறிஞரும், மாடியில் ஜோதிடமும் திருமணத் தகவல் மையமும் நடத்தும் திரு. கார்த்திகேசனும் இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே வைஃபை. அதன் கடவுச்சொல்லை உரிமையாளர் திரு. உத்திராபதி ஆயுதபூஜையன்று மாடிப்படிச் சுவரில் பிள்ளையார் சுழி போட்டு மஞ்சளால் எழுதிவைத்தார். காட்டுமன்னார்கோயில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் வாசலிலேயே நிற்பது நிழலுக்காக மட்டுமல்ல.

2. கார்த்திகைக் கடைசியில் ஓர் இளைஞரின் சர்க்கரை அறிக்கையை அச்சிடக் கொடுத்தேன். (பெயரை இங்கும் எழுதவில்லை.) என் அச்சுப்பொறி அசையவில்லை. திரு. கார்த்திகேசன் வைத்திருப்பதும் அதே வகை அச்சுப்பொறி. கணினித் திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர். தாள் மாடியில் போய் விழுந்தது. அங்கே அந்த இளைஞருக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் பொருத்தத் தாளுக்காக உட்கார்ந்திருந்தார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லி ஜோதிடர் நீட்டிய தாளில், சாப்பிட்டபின் இருநூற்றுப் பத்து என்றிருந்தது.

3. பேச்சுவார்த்தை நின்றது. இளைஞரின் தாயார் வந்து, நான்தான் வெளியே சொல்லிவிட்டதாக என்மேல் குற்றம் சாட்டினார். ஊராரின் இரத்தத்தைப் பார்ப்பது என் வேலை. ஒருவருடையதை இன்னொருவரிடம் பேசியதில்லை. அவரிடம் அச்சுப்பொறியின் கதையை விளக்கினேன். எனக்கே அது நம்பும்படி இல்லை.

4. அதன்பின் மற்றவர்களுக்கு என்ன ஆபத்து என்று யோசித்தேன். வழக்கறிஞரின் மனு தாக்கலாகும் முன்பே எதிர்த்தரப்புக்குப் போகலாம். ஜோதிடரிடம் ஊரிலுள்ளவர்களின் பிறந்த தேதி இருக்கிறது. பலருடைய ரகசிய எண்ணும் அதுதான். செல்லாயி மட்டும், “எங்கிட்ட திருடறதுக்கு என்னாக்கா இருக்கு, ஜாக்கெட் அளவுதான?” என்று சிரித்தார். சொன்ன பிறகு சிரிப்பை நிறுத்தி, வாடிக்கையாளர்களின் படங்கள் உள்ள கைபேசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

5. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டோம். அது திரு. கார்த்திகேசன் எண் கூட்டிப் பார்த்துக் கொடுத்ததாம். “மார்கழில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாதும்மா. தை பொறக்கட்டும், நல்ல நாளு பாத்து மாத்திக்கலாம்” என்கிறார் உரிமையாளர். திருடர்களும் மார்கழி பார்ப்பார்களா என்று நான் கேட்கவில்லை, வயதில் பெரியவர்.

6. என் அச்சுப்பொறியை இப்போது கம்பியில் இணைத்துவிட்டேன். அறிக்கைகள் உள்ள கணினி அதே வலையில்தான் இருக்கிறது. நேற்று அந்தப் பெண் தனியாக வந்து கையை நீட்டினார். “அவரோடது எங்க வூட்டுக்கெல்லாம் தெரிஞ்சிடுச்சி. எனக்கும் எல்லாத்தையும் பாருங்க. அவருகிட்ட நானே எடுத்துட்டுப் போயி காட்டறேன்” என்றார். இரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாத சிலரில் அவரும் ஒருவர்.

அவருடைய முடிவுகள் வெள்ளிக்கிழமை வருகின்றன. அதற்குள் தாங்களோ தங்கள் அலுவலரோ வந்து, சுவரில் எழுதியிருப்பதை அழிக்கச் செய்து, கடவுச்சொல்லை மாற்றி, கடைகடையாக அவரவர் ஆபத்தைச் சொல்லிப் போகுமாறு வேண்டுகிறேன். அந்தத் தாளை முதலில் பார்க்க வேண்டியவர் அந்தப் பெண். அடுத்து யார் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இடம்: சிதம்பரம்
நாள்: 24.12.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
க. வெண்மதி