இரைப்பைச் சுவர் தின்ற புளிப்பு

என் தங்கமான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. இதைச் சொல்லத்தான் ஞாயிறு பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று ஆசை ஆசையாய் ஒரு பானைப் பொங்கலை ஊட்டி மாட்டைப் படுக்கப் போட்டுவிடும் ஊர் நம்முடையது. சோறு வயிற்றில் புளித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது என்று நீ வேலை பார்த்த ஆட்டுப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அமிலம் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

செம்மறியின் விலாவில் பொருத்த நான்தான் லேத்தில் குழாய் கடைந்து கொடுத்தேன். அதன் வழியே, கழுவிய இரைப்பைக்குள் அமிலத்தை ஊற்றி மணிக்கொரு தரம் அளந்தாய். உள்ளே குறைந்த அளவுக்கு, இரைப்பையிலிருந்து திரும்பும் இரத்தத்தில் ஏறவில்லை. மிச்சத்தைச் சுவரே தின்றுவிடுகிறது என்றாய்.

"கொழாய் ஒழுகியிருக்கும்மா" என்று பண்ணை டாக்டர் முடித்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "என் கொழாய்தான் ஒழுகிடுச்சுன்னு சொல்லிடுக்கா. பழி எம்மேலயே போவட்டும்."

"ஒழுகாத கொழாய ஒழுகுதுன்னு சொல்லச் சொல்றியாடா?" பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய். கோபத்தில் உன்னை மிஞ்ச ஆள் ஏது? அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம், உன் நோட்டில் நீ குறித்துவைத்திருந்த சோதனையை டாக்டர் செய்து பார்த்தார். அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பைச் சுவரில் ஒரு துண்டை, வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் போட்டு வைத்தார். குழாயே இல்லை. ஆனாலும் அமிலம் குறைந்தது. துண்டை அரைத்துப் பார்த்தார், அதற்குள்ளும் இல்லை. மூன்று தரம் செய்தும் அப்படியேதான்.

நேரே பட்டறைக்கு வந்து, லேத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உங்கக்கா சொன்னது ரைட்டு, சூசை. தப்பு என்னோடது. ரிப்போர்ட்ல அவங்க பேருதான் மொதல்ல வரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கக்கா, எங்கக்கா என்று ராயக்கோட்டை பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. டாக்டருக்குக் குழாயைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் உன்னிடம் கொடுத்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. அதை அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ உயிரோடு இருக்கும்போதே இது நடந்திருக்குமா?

இனி எனக்குத் தெரிந்ததை யார் முன்னாலும் மறைக்க மாட்டேன், அக்கா. சத்தியம்.

உன் பெயரைச் சொல்லியே நிமிர்ந்து நடக்கும்
தம்பி சூசை