ஏழு பெயர்கள் விட்டுப்போன பட்டியல்

தலைவரம்மாவுக்கு,

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்காக இன்று பள்ளியில் என் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய டைரி ஒன்றின் நடுவே ஒரு கார்பன் தாள் ஒட்டிக்கிடந்தது. எடுத்ததும் விரலெல்லாம் நீலம். அந்த எண்ணெய் வாசனைகூட இன்னும் போகவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வரிசையாகப் பெயர்கள் தெரிந்தன. செல்வியும் இருந்தாள், செந்திலும் இருந்தான், இருவருக்கும் நடுவே இருக்க வேண்டிய செல்வராணி இல்லை. எந்தப் பட்டியலின் கார்பன் அது என்று அப்போதுதான் உறைத்தது. பட்டியலை உங்கள் கண் முன்னால்தான் கிழித்துப் போட்டேன். கார்பனை மறந்திருக்கிறேன்.

அலுவலக உதவியாளர் வந்து, "ஏம்மா நிக்கிறீங்க, டீ கொண்டாரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்களோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும்போல இருந்தது.

ஆண்டிமடத்தில் கணக்கு டீச்சராக இருந்த நான் பதவி உயர்வில் வெள்ளாற்றங்கரையில் இருந்த உங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். முதல் வாரமே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். மீசை வைத்த யாராவது பெரிய மனிதர் வருவார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தால், வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நீங்கள் வந்து நின்றீர்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள்.

"எங்க ஊர்ல ஆம்பளைங்க பாதிப் பேரு சவுதியில. மீதிப் பேரு விசாவுக்கு அலையுறாங்க. அதான் என்னையப் போட்டுட்டாங்க டீச்சர். சும்மா கையெழுத்துப் போட்டாப் போதும்னாங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

லப்பைக்குடிகாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் நீங்கள். கணவர் ரியாத்தில். கடைசி மகளும் எங்கள் பள்ளியைத் தாண்டிப் போய்விட்டாள். ஆனாலும் ஊர் உங்களை விடவில்லை. நான் கொஞ்சம் கேலியாகத்தான் 'தலைவரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். கேலி எப்போது போனது என்று நினைவில்லை.

பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத பள்ளி அது. அதற்கு எழுதிப்போட்ட கோப்பைத் தேடி நாம் அலைந்த அலைச்சல் ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரம் பார்த்து மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பெரம்பலூர் போனால் அரியலூருக்குக் கட்டு போய்விட்டது என்றார்கள். அரியலூர் போனால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்றார்கள். பிரித்துப் பார்ப்பதற்குள் மாவட்டத்தை மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சொன்னீர்கள்: "நம்ம ஃபைலு இப்ப பஸ்ல வந்துக்கிட்டு இருக்கும் டீச்சர். நம்ம எதிர்த்தாப்ல போறோம்." நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் நீங்களே வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பணம் வாங்கிக் கழிப்பறையைக் கட்டி முடித்தீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எது எதற்கு ஆனது என்று எல்லாவற்றையும் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னீர்கள். தெருவில் போகிறவன் எல்லாம் நம் கணக்கைப் படிக்கிறானே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "படிக்கட்டும். அவங்க புள்ளைங்க பள்ளிக்கூடந்தானே" என்றீர்கள்.

இவ்வளவு சேர்ந்து நின்ற நாம்தான் அந்தப் பட்டியலில் பிரிந்தோம்.

தேர்ச்சி விகிதம் என்ற ஒன்று அந்த வருடங்களில் எங்கள் கழுத்தில் கத்தியாகத் தொங்கியது. ஒவ்வொரு ஜூனிலும் கூட்டம் போட்டு, விகிதம் குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள். நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்குப் பேப்பரில் பள்ளிப் பெயர் வரும். உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை, தேர்வு எழுதுவோர் பட்டியல் போவதற்கு முன்பே கழற்றிவிடுவது. பெற்றோரைக் கூப்பிட்டு, வீட்டுச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் போதும். மற்றவர்கள் செய்கிறார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நானும் செய்தேன். ஏழு பேர். கடிதத்தை நானே எழுதினேன்.

செல்வராணியின் அம்மா வெங்காயக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையில் மண். நான் காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்தினார். எதற்கென்று கேட்கவில்லை. டீச்சர் கேட்கிறார், அவ்வளவுதான். சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் நின்று, "டீச்சரு கைநாட்டு வாங்குனாங்க. பரிச்சைக்குத்தானே தாயி?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பிரார்த்தனை முடிவதற்குள் நீங்கள் என் அறைக்கு வந்துவிட்டீர்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏழு பேத்தையும் எடுத்துட்டீங்களா டீச்சர்?"

"அவங்க எழுதினாலும் தேறமாட்டாங்க, தலைவரம்மா. செல்வராணி அரையாண்டுல கணக்குல வாங்கினது ஒத்தை மார்க். அறுவடைன்னா பத்து நாள் வரமாட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

"சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுத்தாச்சு. இனிமே நாள் இல்ல."

"அப்ப பெயிலாவட்டும்."

"நீங்க சுலபமாச் சொல்லிருவீங்க. கூட்டத்துல எழுந்து நிக்கப்போறது நான்." என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பிள்ளைகள் அடங்கியது தெரிந்தது.

நீங்கள் ஒரு துணிப்பையிலிருந்து பழுப்பேறிய பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்றை எடுத்து, பிரித்து, என் முன்னால் வைத்தீர்கள். உங்களுடையது. கணக்கில் பத்தொன்பது.

"எங்க தெருவுல என் வயசுப் பொம்பளைங்க யாருகிட்டயும் இது இல்ல. எல்லாரையும் முன்னாடியே நிறுத்திட்டாங்க. எங்க அத்தா மட்டும் போய் எழுதுன்னாரு. எழுதுனேன். பெயிலாப் போயிட்டேன். பதினாறு வயசுல ரெண்டு நாளு சோறு இறங்கல. ஆனா டீச்சர், நான் எழுதிப் பெயிலானவ. எழுதவுடாம என்னைய யாரும் வெரட்டல. அந்தப் புள்ளைங்களுக்கு அதையாவது குடுங்க."

வெட்கம் வந்தது, கோபமாக வந்தது. நாலு பிரதி எடுத்து வைத்திருந்த பட்டியலை அப்படியே இரண்டாகக் கிழித்து, "போதுமா?" என்று கேட்டேன். நன்றி என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் ஏழு பேத்தையும் எங்க வூட்டு மாடிக்கு அனுப்புங்க. நீங்களும் வாங்க. எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அந்த மூன்று மாதம்! உங்கள் மாடியில் தினமும் ஆறு மணிக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். நீங்கள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எட்டாவது பிள்ளையாக நோட்டில் போட்டுப் பார்ப்பீர்கள். தப்பாகப் போட்டால் செல்வராணி எட்டிப் பார்த்து, "மாமி, மைனஸ விட்டுட்டீங்க" என்பாள். பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் எனக்கு இஞ்சி டீயும் வரும். நான் உங்கள் மேல் கோபத்தோடுதான் மாடி ஏறினேன். இறங்கும்போது கோபம் இருக்காது. மறுநாள் அலுவலகக் கடிதம் ஏதாவது வந்தால் மறுபடி வந்துவிடும்.

முடிவு வந்தது. ஏழு பேரில் இருவர் தேறினார்கள். ஐந்து பேர் தவறினார்கள், செல்வராணியும்தான். பள்ளியின் விகிதம் அதற்கு முந்தைய வருடத்தைவிடக் கீழே போனது.

கூட்டத்துக்கு நீங்களும் கூடவே வந்தீர்கள். உங்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். என் பள்ளியின் பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்தேன். அதிகாரி கத்தவில்லை. "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சும்மா, என்னாச்சு?" என்றுதான் கேட்டார். எல்லாப் பிள்ளைகளையும் எழுத வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "அடுத்த வருஷம் சரிபண்ணிடறேன் சார்" என்றேன். அடுத்த வருடத்துக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. வழக்கமான மாறுதலாகக்கூட இருந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. உங்களால்தான் என்று நினைத்தேன்.

விடைபெற உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் பள்ளிக்கு வந்தபோது சாவிக்கொத்தை எண்ணிக் கொடுப்பதில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்றீர்கள். "போயிட்டு வாங்க டீச்சர்" என்று சொன்ன சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை.

அப்புறம் ஒருமுறை ஒரு ஆசிரியரிடம் சொல்லியனுப்பினீர்கள்: "டீச்சருக்குக் கோவம் தீரலன்னா பரவால்ல. ஒருநாள் வந்து சோறு தின்னுட்டுத் திட்டிட்டுப் போகச் சொல்லுங்க." போகலாம் என்றுதான் இருந்தேன். நேரம் இல்லை, பஸ் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கோபம் எப்போதோ தீர்ந்திருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

நீங்கள் மவுத்தாகிவிட்ட செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தேன். உங்கள் மகளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மாடிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். செல்வராணி இரண்டு முறை மறுபடி எழுதி மூன்றாவது முறை தேறிவிட்டதையும், அரியலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பதையும் அவள்தான் சொன்னாள். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசமும் ரிசல்ட்டு வந்ததும் அம்மா பேப்பர எடுத்து வச்சிக்குவாங்க, டீச்சர். நூத்துக்கு நூறு வாங்குன பள்ளிக்கூடம் லிஸ்ட்டு போடுவாங்கல்ல, அதுல ஒங்க ஸ்கூல் இருக்கான்னு வெரல வச்சுத் தேடுவாங்க. இல்லன்னா ஒரே சந்தோசம். 'பாத்தியா, டீச்சர் யாரையும் வெரட்டல'ம்பாங்க. அன்னிக்கு எங்களுக்குப் பாயசம்."

தலைவரம்மா, அது உண்மைதான். இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு ஒரு பெயரைக்கூட நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் எழுந்து நின்றேன். மூன்றாவது வருடம் காரணம் கேட்டபோது, "எல்லாரும் எழுதுனாங்க சார்" என்று சொல்லவும் சொன்னேன். எனக்குப் பின்வரிசையில் இன்னொரு தலைமையாசிரியர் மெல்ல, "எங்களுதும் அப்படித்தான் சார்" என்றார். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். நான் சொல்லாமலே நீங்கள் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தொட்டு, "ஏம்மா அழுவுறீங்க? யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்க தலைவர்" என்றேன்.

அந்த அம்மாள் கட்சித் தலைவர் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். "அய்யோ, எப்ப?" என்று பதறிப்போய் ஜன்னல் வழியே கொடி ஏதும் இறக்கியிருக்கிறார்களா என்று பார்த்தார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என் தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள்.

இனிமேல் ஜூன் மாதத்தில் என்னை யாரும் எழுப்பி நிறுத்தப்போவதில்லை. உங்கள் வீட்டு மாடியில் ஏறி, திட்டவேண்டியதை எல்லாம் திட்டிவிட்டு, நீங்கள் போடும் சோற்றைத் தின்ன எனக்கு இப்போது எத்தனையோ நாட்கள் இருக்கின்றன.