அம்மா போட்ட கதிரை

ஒஸ்லோ
நவம்பர் 2006

அன்பான தம்பி,

லண்டனில் குளிர் எப்படி? நீ படிக்கத்தான் போனாய் என்று அம்மா எல்லோருக்கும் சொல்கிறா. நானும் மறுப்பதில்லை.

இங்கே ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் நாடகம் மேடையேறிவிட்டது. ஒரு நடன விடுதியின் வாசல்தான் கதை. வெள்ளை நண்பர்களை உள்ளே விட்டுவிட்டு, அவர்களோடு வந்த தமிழ்ப் பெடியனை மட்டும் காவலாளி மறிக்கிறான். "அங்கத்தவர்களுக்கு மட்டும்" என்று, நீ ஒஸ்லோவை விட்டுப் போக முன்னம், அந்த வாசலில் உனக்குச் சொன்ன அதே வசனம். காவலாளியாக நடித்தது நான்.

ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் அம்மா, "ஏன் பிள்ளை வெள்ளையளோடை கொழுவுறாய்? இருக்க இடம் தந்தவங்களெல்லோ?" என்பா.

"தம்பி இஞ்சை பிறந்தவன் அம்மா. அவனுக்கு ஆர் இடம் தாறது?" என்றேன்.

முடிவில் காவலாளி மன்னிப்புக் கேட்டால் சனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள் என்றார் எங்கள் நோர்வேஜிய இயக்குநர். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் முடிவில் மன்னிப்புக்குப் பதிலாக, மேடையிலிருந்த விடுதிக் கதவைக் கழற்றிக் கிடத்தி மேசையாக்கினோம். பார்க்க வந்தவர்களை மேலே வந்து இருக்கச் சொன்னோம். தயங்கித் தயங்கி வந்தார்கள்.

அம்மாவும் ஏறி வந்தா. ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. அதில் இருக்கப் போன வெள்ளைக்காரரைக் கைநீட்டி மறித்து, "இது என்ரை மகன்ரை இடம்" என்று தமிழிலேயே சொன்னா. அவர் விலகி நின்றார்.

அடுத்த மாதம் உன்னை மறித்த அந்த விடுதி இருக்கும் தெருவிலேயே நாடகத்தைப் போடுகிறோம். நீ வா. வாசலில் நான் நிற்பேன். உன்னை மறிக்க ஒருவன் வரட்டும், பார்க்கலாம்.

உன் அக்கா